ஏரும் எழுத்தும் – 14: மொந்தாயூவின் நாற்பது வீடுகள்

சென்ற இதழில் மொன்செகூர் மலையடியில் நிறுத்தியிருந்தோம். 1244 மார்ச் 16ஆம் நாள், கோட்டை சரணடைந்த பிறகு, தங்கள் நம்பிக்கையைக் கைவிட மறுத்த இருநூறுக்கும் மேற்பட்டோரை அங்கே ஒன்றாக எரித்தார்கள். கத்தோலிக்கச் சர்ச்சு மதப்பிறழ்வென்று ஒடுக்கிய காதார் சமயத்தின் கதையைப் பல நூல்கள் அந்த நெருப்போடு முடித்துவிடும். கோட்டைகளையும் பிரபுக்களையும் வைத்துக் கணக்குப் பார்த்தால் அது சரிதான். ஏர் பிடித்தவர்களின் கதை அதற்குப் பிறகும் எண்பது ஆண்டு ஓடியது. அது ஓடிய இடங்களில் ஒன்று, மொன்செகூரிலிருந்து வானத்தில் கோடு கிழித்தால் பத்துப் பதினொரு கிலோமீட்டர் தென்கிழக்கே இருக்கும் மொந்தாயூ என்ற சிற்றூர்.

பிரான்சின் தென்கோடியில், பிரனே மலைத்தொடரின் வடசரிவில், அரியேஜ் மாவட்டத்தில் இருக்கிறது அது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரம். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன அக்ஸ் நகரிலிருந்து ஷியூலா கணவாயைத் தாண்டினால், சுற்றிலும் காடும் மலையும் வளைத்துக்கொண்ட ஒரு மேட்டுநிலம் வரும். ஆயூ நாடு என்பது அதன் பழைய பெயர். பிராத், மொந்தாயூ ஆகிய இரண்டும்தான் அந்த நாட்டின் ஊர்கள். பக்கத்தில் பிறக்கும் எர்ஸ் ஆறு ஃபிரோ என்ற ஆழமான மலையிடுக்கை அறுத்துக்கொண்டு வடக்கே இறங்குகிறது. குளிர்காலத்தில் பனி வழியை மறித்துவிடும்.

இந்த உயரத்தில் திராட்சை வராது, ஒலிவமும் வராது. தென் பிரான்சு என்றதும் நம் மனத்தில் எழும் திராட்சைத் தோட்டக் காட்சியை இங்கே அழித்துவிட வேண்டும். மொந்தாயூக்காரர்கள் விதைத்தவை கோதுமை, ஓட்ஸ், டர்னிப் கிழங்கு, துணிக்கு ஆளி, கயிற்றுக்குச் சணல். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டித் திருத்தி, மாட்டையோ கழுதையையோ ஏரில் பூட்டி உழுதார்கள். மதுவும் எண்ணெயும் சமவெளியிலிருந்து கோவேறு கழுதை முதுகில் ஏறி வந்தன. கோதுமையை அரைக்க அக்ஸ் வரை மூட்டை சுமந்து போனார்கள். வண்டி போக வழியில்லாத ஊர் அது. தண்ணீரைப் பெண்கள் தலையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். நிலம் கொடுத்தது வயிற்றுக்கு ஓரளவு காணும். மிச்சத்தை ஆடுதான் கொடுத்தது.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இருந்தவர்கள் 200 முதல் 250 பேர். வீடுகள் நாற்பது சொச்சம். குன்றின் உச்சியில் ஃபுவா பிரபுவின் கோட்டை. அதன் காலடியில் படிப்படியாக வீடுகள். ஊருக்குச் சற்று வெளியே, கீழே, கார்னெஸ் மாதா கோயில். ஊர் முழுவதற்கும் செருப்புத் தைப்பவர் ஒருவர். மோரி குடும்பத்தின் தலைவர் ரெமோன் மோரி நெசவாளர். ஃபாப்ரிஸ் ரீவ் என்ற பெண் மது விற்றாள். அலசாயிஸ் அசேமா என்ற விதவை பன்றி வளர்த்தாள், பாலாடைக்கட்டி விற்றாள்.

எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பாலாடைக்கட்டி விற்ற ஒரு விதவையின் பெயர் எனக்கும் உங்களுக்கும் எப்படித் தெரிகிறது? இந்தத் தொடரில் இதுவரை பார்த்த ஊர்களில் வரிக் கணக்கு கிடைத்தது, நிலச் சாசனம் கிடைத்தது, சர்ச்சுப் பதிவேடு கிடைத்தது. உழவர்கள் அவற்றில் எண்ணாக வந்தார்கள், கடனாளியாக வந்தார்கள். வாய் திறந்து பேசவில்லை. மொந்தாயூவில் பேசுகிறார்கள். அவர்களைப் பேச வைத்தது ஒரு விசாரணை மன்றம். அந்த விசாரணைக்கு வருமுன் வீட்டுக்குள் ஒருமுறை போய்வந்துவிடலாம். ஊரின் உயிர் வீட்டில்தான் இருந்தது.

அவர்களுடைய ஒக்சித்தான் மொழியில் வீட்டுக்குப் பெயர் ‘ஒஸ்தால்’. நாம் ‘அவர் பெரிய வீட்டுக்காரர்’ என்று சொல்லும்போது சுவரையும் கூரையையும் மட்டும் சொல்வதில்லை அல்லவா? அதுபோலத்தான். கட்டடம், அதற்குள் வாழும் குடும்பம், அதன் நிலம், மந்தை, மானம், அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்ததே ஒஸ்தால். பெரிய வீடான கிளெர்க் குடும்பத்தின் தலைவர் போன்ஸ் கிளெர்க் இறந்தபோது, அவரோடு வீட்டின் அதிர்ஷ்டமும் வெளியேறிவிடக் கூடாதென்று, பிணத்தின் நெற்றி மயிரிலும் கைகால் நகங்களிலும் கொஞ்சம் வெட்டி எடுத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

வீட்டின் நடு அறை சமையலறை. அதன் சுவரைக் கல்லால் எழுப்பினார்கள். சுற்றியிருந்த அறைகள் மரமும் மண்ணும். அடுப்புக்கு மேலே உப்பிட்ட பன்றி இறைச்சி தொங்கும். முட்டைக்கோசும் பூண்டுத்தாளும் போட்ட சூப்பு, ரொட்டி, பாலாடைக்கட்டி — இதுதான் அன்றாடச் சாப்பாடு. ஆட்டிறைச்சி எப்போதாவது. பனிக்காலத்தில் ஆடுமாடுகளும் அதே கூரையின்கீழ். வெயில் வந்தால் பெண்கள் வாசலில் உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். தாய்க்கு மகள், காதலனுக்குக் காதலி. பேன் பார்ப்பது அங்கே பாசத்தின் அடையாளம். ஊர்ச் செய்தி அத்தனையும் அந்த வாசலில் கைமாறும்.

சுவர்கள் மெல்லியவை. பேச்சு வெளியே கேட்கும். ஒருவர் எருக்குவியலின்மேல் ஏறி நின்று சுவரிலிருந்த ஓட்டை வழியே பக்கத்து வீட்டில் நடப்பதைப் பார்த்திருக்கிறார். ஒரு பெண் தாழ்ந்த கூரையின் ஓரத்தைத் தலையாலேயே தூக்கி உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறாள். யார் வீட்டு அடுப்படியில் யார் வந்து உட்கார்ந்தார் என்பது உயிர்போகும் விஷயமாக மாறியபோது, இந்த மெல்லிய சுவர்களே ஊரைக் காட்டிக்கொடுத்தன.

அடுப்படியில் வந்து உட்கார்ந்தவர்களை ஊரார் ‘நல்ல மனிதர்கள்’ என்றே அழைத்தார்கள். ‘காதார்’ என்பது மற்றவர்கள் வைத்த பெயர். இந்த உலகத்தையும் உடலையும் படைத்தது தீய சக்தி, ஆன்மா மட்டுமே நல்ல கடவுளுக்குரியது என்பது அவர்கள் போதனை. இறைச்சி உண்ண மாட்டார்கள், கொல்ல மாட்டார்கள், பொய் சொல்ல மாட்டார்கள், பெண்ணைத் தொட மாட்டார்கள். சாகப்போகிறவரின் தலையில் கைவைத்து அவர்கள் செய்யும் ஒரு சடங்கு போதும், ஆன்மா கரையேறிவிடும். அதுவரை உழவன் வழக்கம்போல் வாழலாம். இவ்வளவு கடுமையான ஒரு சமயம் மலைநாட்டுக் குடியானவர்களுக்கு ஏன் பிடித்துப்போனது என்பதற்கு என் பதில் இது: கடுமையைப் போதகர் சுமந்தார், பலன் குடியானவனுக்குக் கிடைத்தது. அதோடு, சர்ச்சுக்கு விளைச்சலிலும் ஆட்டுக்குட்டியிலும் தசமபாகம் அளக்க வேண்டியிருந்த எரிச்சலுக்கும் அந்தப் போதனை ஒரு நியாயம் கொடுத்தது.

மொன்செகூருக்குப் பிறகு அணைந்துகிடந்த இந்த நெருப்பை மறுபடி ஊதியவர் பியேர் ஓதியே. அக்ஸ் நகரத்தில் வசதியாக வாழ்ந்த பத்திர எழுத்தர். நடுவயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தம்பி கியோமுடன் இத்தாலியின் லொம்பார்தி சென்று தீட்சை பெற்று, 1300ஐ ஒட்டி ஊர் திரும்பினார். அதன்பின் பத்தாண்டு காலம் இரவில் நடந்து பகலில் பதுங்கிப் போதித்தார்கள். 1310இல் பியேர் ஓதியேவைத் துலூஸ் நகரில் எரித்தார்கள். அந்தப் பத்தாண்டுக்குள் மொந்தாயூவின் பெரும்பாலான வீடுகள் அவர்கள் பக்கம் சாய்ந்திருந்தன.

கிளெர்க் வீடும் அதில் சேர்த்தி. அந்த வீட்டுச் சகோதரர்களில் இருவர் முக்கியமானவர்கள். பெர்னார் கிளெர்க் பிரபுவின் மணியக்காரர். வரி வசூல், வழக்கு விசாரணை அவர் கையில். பியேர் கிளெர்க் ஊரின் பங்குச் சாமியார். திருப்பலியும் அவர்தான் நிறைவேற்றினார், காதார் போதகர்களுக்கு மறைவிடமும் அவர்தான் தேடிக்கொடுத்தார். தாய் மெங்கார்த் இறந்தபோது கார்னெஸ் மாதா கோயில் பீடத்தருகே அடக்கம் செய்தார். அந்தத் தாய் நல்ல மனிதர்களுக்குச் சோறு போட்டவள். ஊரில் பல பெண்களுடன் சாமியாருக்குத் தொடர்பு இருந்தது. அவர்களில் ஒருத்தி கோட்டைத் தலைவரின் விதவை பெயத்ரிஸ் தெ பிளானிசோல். இந்தச் சாமியாரை வெறும் வேடதாரி என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. தன் ஒஸ்தாலைக் காப்பதே அவருக்கு வேதம் என்று தோன்றுகிறது. அதற்காக அவர் எதுவரை போனார் என்பது 1308இல் தெரிந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள் திருவிழா. கார்க்கசோன் நகரின் மத விசாரணை அதிகாரி ஜொஃப்ருவா தாப்லி அனுப்பிய ஆட்கள் ஊரை வளைத்தார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அத்தனை பேரையும், ஆண் பெண் பாராமல் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தார்கள். மலைமேல் மந்தையோடு இருந்தவர்களில் சிலர் தப்பினார்கள். பிடிபட்டவர்கள் கார்க்கசோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிலர் எரிக்கப்பட்டார்கள், சிலர் சிறையில் கிடந்தார்கள். மற்றவர்கள் முதுகிலும் மார்பிலும் மஞ்சள் துணிச் சிலுவை தைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அதை எப்போதும் அணிந்திருக்க வேண்டும். அணிந்தவரோடு பிறர் நெருங்கிப் பழக அஞ்சுவார்கள்.

கிளெர்க் வீடு மட்டும் அசையவில்லை. சாமியார் விசாரணைக்காரர்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தார். தன்னை எதிர்த்த குடும்பங்களை, குறிப்பாக மோர் குடும்பத்தை, காட்டிக்கொடுத்தார். அவருடைய பழைய காதார் தொடர்பைப் பற்றிப் பேசிய மெங்கார்த் மோர் என்ற பெண்ணின் நாக்கு அறுக்கப்பட்டது. பத்தாண்டு காலம் அந்த ஊர் ஒரே ஒரு வீட்டின் அச்சத்தில் கிடந்தது.

1317இல் பாமியே மறைமாவட்டத்துக்குப் புதிய ஆயர் வந்தார். பெயர் ழாக் ஃபூர்னியே. அதே மாவட்டத்தின் சவெர்தூன் ஊரில் பிறந்தவர். ஃபோன்ஃப்ருவாத் மடத்தின் தலைவராக இருந்த துறவி. 1318 முதல் 1325 வரை அவர் நடத்திய விசாரணை மன்றம் 370 நாள் அமர்ந்தது. விசாரிக்கப்பட்டவர்கள் 114 பேர், அமர்வுகள் 578. மொந்தாயூக்காரர்கள் மட்டுமே இருபத்தைந்துக்கு மேல். மற்ற விசாரணைக்காரர்கள் சித்திரவதைக் கருவிகளை நம்பினார்கள். இவர் கேள்வியை நம்பினார். அன்றிரவு யார் யார் இருந்தார்கள், விளக்கு எரிந்ததா, எங்கே உட்கார்ந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், பிறகு யார் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே போவார். தொழுநோயாளிகள்மேல் சாட்டப்பட்ட ஒரு பொய்வழக்கில்தான் இவர் மன்றம் சித்திரவதையைக் கையாண்டது. ஐந்து பேரைத் தீக்கு அனுப்பினார். அவர்களில் ஒருவர் மொந்தாயூவின் கியோம் ஃபோர். சித்திரவதை குறைவு என்பதற்காக இவரை இரக்கமுள்ளவர் என்று சொல்ல நான் தயாராக இல்லை. சிறையும் பறிமுதலும் மஞ்சள் சிலுவையும் அவர் கையில் தாராளமாகவே இருந்தன. மலைநாட்டு ஆட்டுக்குட்டித் தசமபாகத்தையும் விடாப்பிடியாக வசூலிக்கப் பார்த்தவர் அவர்.

பெயத்ரிஸை அவர் அழைத்தது 1320 கோடையில். முதல் விசாரணைக்குப் பின் பயந்து ஓடினாள், பிடித்து வந்தார்கள். அவள் மூட்டையை அவிழ்த்தபோது இரண்டு காய்ந்த தொப்புள்கொடிகள் இருந்தன, கறை படிந்த துணிகள் இருந்தன. ஆயர் விடவில்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டார். தொப்புள்கொடிகள் அவளுடைய பேரப்பிள்ளைகளுடையவை. அவற்றை வைத்திருந்தால் வழக்கில் தோற்க மாட்டாய் என்று மதம் மாறிய யூதப் பெண் ஒருத்தி சொல்லியிருந்தாளாம். துணி, மகள் வயதுக்கு வந்தபோது எடுத்து வைத்தது. அதை நனைத்த நீரை மருமகனுக்குக் கொடுத்தால் அவன் வேறு பெண்ணை நாடமாட்டானாம். வழக்கில் தோற்காதிருக்கத் தொப்புள்கொடியோடு வந்த அந்தப் பாட்டிக்கு 1321 மார்ச்சில் சிறை விதித்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் மஞ்சள் சிலுவையோடு வெளியே விட்டார்கள்.

கிளெர்க் சகோதரர்களும் இறுதியில் மாட்டினார்கள். சாமியார் 1320இல் கைதாகிச் சிறையிலேயே இறந்தார். ஊரில் எல்லோரைப் பற்றியும் எல்லாம் அறிந்திருந்த அந்த மனிதரின் வாக்குமூலம் மட்டும் பதிவேட்டில் இல்லை. மணியக்காரரும் 1324இல் சிறையில் செத்தார்.

ஃபூர்னியே மேலே மேலே போனார். 1334இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் போப்பாண்டவர் ஆனார். அவிஞ்ஞோன் நகரில் இன்று உலகம் வியந்து பார்க்கும் போப்பாண்டவர் அரண்மனையின் பழைய பகுதியைக் கட்டத் தொடங்கியவர் அவர்தான். தன் விசாரணைப் பதிவேட்டையும் உடன் கொண்டுபோனார். அதனால் அது தப்பியது. வத்திக்கான் நூலகத்தில் 4030ஆம் எண் லத்தீன் கைப்பிரதி அது. ழான் துவெர்னுவா 1965இல் அதை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். பத்தாண்டு கழித்து, 1975இல், எம்மானுவேல் லெ ருவா லாதுரி என்ற வரலாற்றறிஞர் அதை வைத்து மொந்தாயூ பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் நார்மந்தி நாட்டுப்புறத்தில் பிறந்தவர், லாங்குதொக் குடியானவர்களைப் பற்றி முன்பே ஆராய்ந்தவர். ஆட்டிடையரும் விதவைகளும் கதைமாந்தர்களாக வரும் அந்த ஆராய்ச்சி நூலைப் பிரான்சு அள்ளி அள்ளி வாங்கிப் படித்தது. 2023 நவம்பரில் அவர் காலமானார்.

நூலுக்கு எதிர்ப்பும் வந்தது. அதில் நியாயம் இருக்கிறது. மொந்தாயூக்காரர்கள் பேசியது ஒக்சித்தானில். எழுத்தர்கள் எழுதியது லத்தீனில். பிறகு சாட்சிக்கு அவர் மொழியில் வாசித்துக் காட்டினார்கள் என்றாலும், இரண்டு மொழிகளுக்கு நடுவே எவ்வளவோ சிந்தியிருக்கும். அதைவிட முக்கியம், பேசியவர்கள் பயந்துபோய்ப் பேசினார்கள். அயலாரைக் காட்டிக்கொடுத்தால்தான் தன் தலை தப்பும் என்ற நிலையில் வந்த சொற்களை, திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சாக எடுத்துக்கொள்ள முடியாது. லெ ருவா லாதுரி சில இடங்களில் அப்படி எடுத்துக்கொண்டார். ஆனாலும் எருக்குவியல்மேல் ஏறி நின்ற கதையையும் பேன் பார்த்த வாசலையும் எந்த ஆயரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. கேட்ட கேள்விக்கு அப்பால் சிந்திய அந்தச் சொற்களை நான் நம்புகிறேன்.

விசாரணையோடு ஊர் அழிந்துவிடவில்லை. பின்னால் பெரும் கொள்ளைநோய் வந்தது, போர் வந்தது. 1390இல் அங்கே அடுப்பு எரிந்த வீடுகள் 23. நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்ததில் ஏறக்குறைய பாதி. கோட்டை இடிந்தது. வீடுகள் மெல்ல மெல்லச் சரிவில் கீழே நகர்ந்தன. பழைய ஊர் இருந்த இடம் புல்மேடாயிற்று. அண்மைக் காலத்தில் தொல்லியலார் அங்கே மண்ணைக் கிளறிப் பார்த்திருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டில் இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட, உழுத படிநிலங்கள் மேய்ச்சலாகவும் காடாகவும் மாறின. கிளெர்க் என்ற குடும்பப் பெயர் அந்த நூற்றாண்டிலும் ஊரில் இருந்தது. இன்று ஆண்டு முழுவதும் தங்குபவர்கள் ஏறத்தாழ இருபது பேர். உச்சியில் கோட்டைச் சுவரின் ஒரு துண்டு நிற்கிறது. கார்னெஸ் மாதா கோயில் நிற்கிறது. கோட்டையை மட்டும் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்கள், இடையிலுள்ள அந்தப் புல்மேட்டில் சற்று நின்று பார்க்க வேண்டும். நாற்பது அடுப்பும் இருந்தது அங்கேதான்.

ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டு இந்த வாரம் நிறுத்திக்கொள்கிறேன். நெசவாளர் ரெமோன் மோரியின் மகன் பியேர் மோரி, 1282ஐ ஒட்டிப் பிறந்தவர். பதினெட்டு வயதில் வீட்டைவிட்டு ஆடு மேய்க்கப் போனார். ஆர்க் என்ற ஊரில் ஒரு பண்ணைக்காரரிடம் வேலை பார்த்தபோது, அந்த வீட்டு அடுப்படியில் பியேர் ஓதியேவின் பேச்சைக் கேட்டார். மனம் அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பண்ணைக்காரரின் ஆறு வயது மகள் பெரியவளானதும் உனக்கே என்று சொல்லிப் பார்த்தார்கள். மோரி அந்த வலையில் சிக்கவில்லை.

கோடையில் பிரனே உச்சியின் புல்வெளி, குளிரில் மலைக்கு அப்பால் கத்தலோனியா, இன்னும் தெற்கே வலென்சியா எல்லை. பிரபுக்களின் எல்லைக்கோடுகள் ஆடுகளைத் தடுக்கவில்லை. மலைக் குடிசையில் ஆறு முதல் பத்து இடையர்கள் சேர்ந்து தங்கி, பால் கறந்து, கட்டி போட்டு, குட்டி ஈன்ற ஆட்டை இரவில் எழுந்து பார்த்து வாழ்ந்தார்கள். மோரி அவர்களுக்கு ஒரு கீதாரியைப் போல இருந்தார். சில காலம் சொந்தத்தில் நூறு ஆடு வரை வைத்திருந்தார், பிறகு எல்லாம் போயிற்று. எனக்கென்று நிலமில்லை, பெண்டாட்டியை வைத்துக் காப்பாற்ற வழியில்லை என்பார். அதைக் குறையாகச் சொன்னதாகவும் தெரியவில்லை. அவருக்கு இருந்த செல்வம் கூட்டாளிகளும் நல்ல ஒரு சோடிச் செருப்பும். அவ்வளவு தூரம் நடப்பவனுக்குச் செருப்புதான் முக்கியம்.

எல்லைக்கு அப்பால் ஒளிந்திருந்த கடைசிப் போதகர் பெலிபாஸ்துக்குச் சோறும் துணையும் கொடுத்தவர் மோரி. பெலிபாஸ்தின் குறைகள் அவருக்குத் தெரிந்திருந்தன, அப்போதும் விட்டுவிடவில்லை. ஆர்னோ சிக்ர் என்பவன் பறிமுதலான தன் தாயின் சொத்தை மீட்பதற்காக ஆயரின் ஒற்றனாகி, பக்தன்போல நடித்து, பெலிபாஸ்தை எல்லை தாண்டி அழைத்துவந்து பிடித்துக்கொடுத்தான். 1321இல் வில்ரூஜ்-தெர்மெனேஸ் என்ற ஊரில் பெலிபாஸ்தை எரித்தார்கள். அதன்பின் மோரியும் பிடிபட்டார். ஃபூர்னியேவின் முன் அவர் சொன்ன வாக்குமூலம் பதிவேட்டிலேயே மிக நீளமானவற்றுள் ஒன்று. மேய்ச்சல் வழி, மந்தைக் கணக்கு, நண்பர்களின் பெயர், விருந்து உண்ட இரவுகள் என்று இருபது ஆண்டு வாழ்க்கை அதில் கிடக்கிறது.

1324 ஆகஸ்டில் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அதற்குப் பிறகு எந்த ஏட்டிலும் அவர் பெயர் இல்லை.

(தொடரும்)